நிலநடுக்கத்திற்கு முகவரி கண்டவர்

நிலநடுக்கம் எங்கே வரும் என்று கேட்டால், எங்கும் வரும் என்று சொல்லிவிடுகிறோம். அது முழு விடையன்று. பெரும்பாலான நடுக்கங்கள் குறிப்பிட்ட சில பாதைகளிலேயே நிகழ்கின்றன. இவ்வுண்மை விளங்க உழைத்தோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஜான் மில்ன். பொறியியல் மாணவனாகிய என்னை ஈர்த்தது அவருடைய பொறுமை. அதை நம் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மில்ன் 1850ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். சுரங்கத் தொழில் பயின்றார். 1875இல் ஜப்பானிய அரசு, டோக்கியோவில் சுரங்கவியலும் நிலவியலும் கற்பிக்க அவரை அழைத்தது. கடற்பயணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே சைபீரியா, மங்கோலியா, சீனா எனப் பெரும்பாலும் தரைவழியே சென்று 1876இல் அந்நாட்டை அடைந்தார்.

1880 பிப்ரவரியில் யோகோஹாமா குலுங்கியது. அவ்வாண்டிலேயே மில்னின் முயற்சியால் ஜப்பானில் நிலநடுக்க ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது. உலகில் இத்துறைக்கென எழுந்த முதற்கழகம் அதுவே. யூயிங், கிரே என்னும் தோழர்களுடன் பதிவுக் கருவிகளையும் அவர் செம்மைப்படுத்தினார். ஆனால் கருவியைவிட என்னை வியக்க வைப்பது அவர் கையாண்ட எளிய வழி. ஊர்தோறும் அதிகாரிகளிடம் அஞ்சலட்டைகளைக் கொடுத்துவைத்தார். நிலம் அசைந்தால் குறித்து வாரந்தோறும் அனுப்பவேண்டும்; அவ்வளவே. வந்த அட்டைகளை ஒப்பிட்டபோது, பல நடுக்கங்கள் கிழக்குக் கடற்பக்கமிருந்தே வருவது புலனாயிற்று. 1885 முதல் 1892 வரை அந்நாட்டில் நேர்ந்த 8,331 நடுக்கங்களை அவர் பட்டியலிட்டார்.

1895இல் தீ விபத்து அவருடைய இல்லத்தையும் கருவிகளையும் நூல்களையும் விழுங்கியது. அவர் சோர்ந்து உட்காரவில்லை. ஜப்பானிய மனைவி தோனேயுடன் இங்கிலாந்தின் வைட் தீவுக்குச் சென்று, ஷைடு என்னும் சிற்றூரில் மீண்டும் தொடங்கினார். இம்முறை உலகம் முழுவதுமே அவருடைய களம். ஏறத்தாழ 40 நிலையங்களில் அவர் கருவிகள் அமைந்தன. கல்கத்தா, பம்பாய், நம் கோடைக்கானல் ஆகியனவும் அவற்றுள் அடங்கும்.

ஒரே நிலையத்திலிருந்து மெயிலும் பாசஞ்சரும் ஒன்றாகப் புறப்பட்டால், தொலைவு கூடக்கூட அவை வந்துசேரும் நேர இடைவெளியும் கூடுமல்லவா? நடுக்கத்தின் விரைவு அலையும் மெல்லலையும் அவ்வாறே. அந்த இடைவெளி தொலைவைச் சொல்லும். மூன்று நிலையங்களின் தொலைவுகள் இடத்தைச் சொல்லும். அதற்குமுன் எழுதப்பட்ட பட்டியல்களில் மக்கள் உணர்ந்த நடுக்கங்களே மிகுதி. ஆளில்லாத நடுக்கடலில் நேர்ந்தவற்றையும் மில்னின் கருவிகள் காட்டின. பசிபிக் கடலோரமாக ஒரு பெரும் வளையம் உலகப்படத்தில் தெளிவுபெற்றது.

1913இல் மில்ன் மறைந்தார். நிலத்தட்டுகள் உரசும் எல்லைகளே அப்பாதைகள் என்னும் விளக்கம் 1960களில்தான் உறுதிப்பட்டது. உலகின் மிகப் பெரிய நடுக்கங்களில் சுமார் 80 விழுக்காடு பசிபிக் வளையத்தில் நிகழ்கின்றன. அடுத்த பெரும்பாதை சுமத்ராவிலிருந்து இமயம் வழியாக மத்தியதரைக் கடல்வரை செல்கிறது. 2004இல் நம் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையின் தோற்றுவாயும், 1905இல் காங்ராவை அழித்த நடுக்கமும் இப்பாதையைச் சேர்ந்தவையே.

நாளும் நேரமும் முன்கூட்டிச் சொல்ல இன்றும் இயலாது. ஆனால் இடம் தெரியும். இடம் தெரிந்தும் உறுதியற்ற சுவர் எழுப்பினால், அந்தக் குற்றம் நிலத்தினுடையதன்று. வடபுலத்தில் பயின்று, நாளை பாலமும் பள்ளியும் கட்டப்போகும் நம்மவர் இதை மறத்தலாகாது.