கரும்புக்கு வேர் தந்தவர்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோரே கரும்பை முதன்முதல் இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்னும் செய்தி, ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றால் அறியப்படுகின்றது. தகடூராவது இன்றைய தருமபுரி. தளி, ஓசூர் முதலிய எல்லைப்புற ஊர்களுக்குத் தெற்கே உள்ளது. அங்ஙனம் வந்த இன்பக் கரும்பு நெடுங்காலம் நம்மவர் கழனிகளில் வளர்ந்தும், அதனை விட்டு நீங்காத குறை ஒன்று இருந்தது. அக்குறை தண்டில் இல்லை, சாற்றில் இல்லை, மண்ணுக்குள் மறைந்திருந்த வேரில் இருந்தது. அதனைத் தீர்த்து வைத்தவர் சர் தி. சா. வேங்கடராமன் என்னும் தமிழர்.

அவர் 1884ஆம் ஆண்டிற் பிறந்தவர். செடிநூல் பயின்று அரசினர் வேளாண்மைத் துறையிற் பணி ஏற்றார். அக்காலத்தில், கரும்பின் தாயகங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் நம் நாடு, தனக்கு வேண்டிய சருக்கரைக்குச் சாவகத் தீவை எதிர்நோக்கி நின்றது. தென்னாட்டுக் கரும்பு பருத்தது, இனியது. ஆயின் நீர் குறைந்தால் வாடும், நீர் தேங்கினால் அழுகும், கடும்பனியைத் தாங்காது. வடநாட்டுக் கரும்போ இன்னல்களை ஓரளவு தாங்கும். ஆனால் விரல் போல் மெலிந்தது, விளைவு குறைந்தது. நாட்டின் கரும்பு நிலத்திற் பெரும்பகுதி வடக்கே இருந்தமையின் உழவர் பெற்ற பயன் சிறிதாயிற்று.

இந்நிலையை மாற்றக் கருதி 1912ஆம் ஆண்டு கோயம்புத்தூரிற் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பெற்றது. வடநாட்டிற்கு வேண்டிய கரும்பைத் தென்கோடியில் உண்டாக்குவது ஏன் என்று வினவலாம். வடக்கே கரும்பு பூப்பது அரிது. கோவையில் அது பூத்து முளைக்கும் விதையும் தரும். கரணையை நட்டால் தாய்க் கரும்பே மீண்டும் வரும். விதையை ஊன்றினாலோ ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு தன்மையதாய்ப் பிறக்கும். புதிய இனம் வேண்டுவோர்க்கு விதையே வழி. நிலையத்தின் தலைவர் பார்பர் என்னும் ஆங்கிலேயர். அவருக்கு உதவியாளராய் அமர்ந்தவர் வேங்கடராமன்.

அவர்கள் நாடிய துணை, ஆற்றங்கரையில் எவரும் நடாது வளரும் நாணல். பேய்க்கரும்பு என்றும் அதனை வழங்குவர். பட்டினத்தடிகள் கையில் ஏந்திய பேய்க்கரும்பு திருவொற்றியூரில் நுனி இனித்தது என்பது கதை. அருளால் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அவ்வினிமையை உழைப்பால் வருவிக்க முயன்றவர் இவர்கள் எனலாம். நாணலில் இனிப்பு இல்லை, சதையும் இல்லை. ஆயினும் வெள்ளத்தில் மூழ்கியும் அழியாது. கோடையிற் காய்ந்தாலும் அடித்தண்டிலிருந்து மீளத் தழைக்கும்.

வேர் என்பது நீரை உறிஞ்சும் வெறுங்குழாய் அன்று. காவல் உடைய கோட்டை அது. வேரின் நடுவே நீர் செல்லும் நாளங்களைச் சூழ்ந்து அகத்தோல் என்னும் அணுவடுக்கு ஒன்று மதில் போல் நிற்கின்றது. அவ்வணுக்களின் இடைச்சுவர்களில் நீர் ஊடுருவாத பட்டை ஒன்று உண்டு. செருமானிய அறிஞர் இராபர்ட்டு காஸ்பரி என்பார் 1865ஆம் ஆண்டில் அதனை விளக்கியமையின், அது காஸ்பரிப் பட்டை எனப்படும். வேர் முதிருந்தோறும் அவ்வணுக்களின் மேல் சூபரின் என்னும் மெழுகுத்தன்மையுடைய பொருள் படிகின்றது. புட்டியை அடைக்கும் தக்கை நீரைக் கசிய விடாதிருப்பதும் இப்பொருளாலேயே. வறட்சியில் இம்மதில், உள்ளே புகுந்த நீர் வறண்ட மண்ணிற்குத் திரும்பிப் போகாமற் காக்கும். உவர் நிலத்தில் உப்பு தடையின்றி நுழைவதைத் தடுக்கும். நெல் போன்ற பயிர்களிலோ, நீர் தேங்கிய சேற்றில் வேரின் புறவடுக்கும் இவ்வாறே தடித்து, இலைவழி இறங்கி வந்த உயிர்வளியை வெளியே சிந்தாது நுனி வரை கொண்டு செலுத்தும். மதில் எப்போதும் ஒருபடித்தாய் நிற்பதும் அன்று. உப்பு மிகுந்தால் அது வலுப்படும். இரும்புச்சத்து குறைந்தால், அதனை எளிதில் ஏற்கும்பொருட்டு நெகிழும். இந்நுட்பங்களிற் பல வேங்கடராமன் காலத்திற்குப் பின்னரே தெளிவாயின. எனினும், ஆழமும் வலிமையும் உடைய வேரே பயிரின் உயிர்நிலை என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

வெள்ளை என்னும் பருத்த கரும்பையும் கோவை நாணலையும் கலந்து பெற்ற நாற்றுக்களுள் ஒன்று 1918ஆம் ஆண்டில் கோ 205 என்னும் பெயரோடு பஞ்சாபு சென்றது. கோ என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து. வறட்சியையும் தேங்கிய நீரையும் ஒருங்கே பொறுத்த அது, அந்நாட்டுக் கரும்பினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது. ஆயினும் நாணலின் நாரும் உடன் வந்தது. சாறு வேண்டிய அளவு இனிக்கவில்லை. வேரை விரும்பினால் இனிப்புக் குறையும். இனிப்பை விரும்பினால் வேர் நலியும். இவ்விரண்டையும் ஒரு தண்டிற் பொருத்துவதே பின்னர் அவர் வாழ்நாட்பணி ஆயிற்று.

1919ஆம் ஆண்டு பார்பர் ஓய்வு பெற, நிலையத்தின் பொறுப்பு வேங்கடராமனிடம் வந்தது. 1922இல் தாமஸ் என்பாருடன் சேர்ந்து, கரும்பு வேரின் வளர்ச்சியையும் உள்ளமைப்பையும் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். கரணையின் கணுவிலிருந்து முதலில் எழும் மெல்லிய வேர்கள் சில வாரங்களே வாழும். பின்னர்ப் புதுக்குருத்தின் அடியில் தோன்றும் தடித்த வேர்களே பயிரைத் தாங்கும். இவற்றைக் காண மண்ணைக் கழுவி வேரை அறாது எடுத்தல் வேண்டும். எத்துணைப் பொறுமை வேண்டும் என்பது ஒருமுறை செய்து பார்த்தவர்க்கே விளங்கும்.

கோவையில் செழித்த நாற்று வடக்கே பொய்த்துப் போதலும் உண்டு. ஆதலின் பஞ்சாபைச் சார்ந்த கர்னாலில் 1932இல் ஒரு கிளை நிலையம் அமைந்தது. அவ்வாண்டிலேயே சருக்கரைத் தொழிலுக்குக் காப்பு வரிச் சட்டமும் வந்தது. 30 அளவில் இருந்த ஆலைகள் சில ஆண்டுகளில் 130ஐ எட்டின. சட்டம் மட்டும் இருந்து, ஆலைக்குப் போதிய கரும்பு இல்லாதிருப்பின் இவ்வளர்ச்சி நேர்ந்திராது. 1933இல் வெளிவந்த கோ 419 தென்னாட்டு உழவர்க்கு வாய்த்த பெருஞ்செல்வம். கோ 281, கோ 290 என்பன கடல் கடந்து அமெரிக்க நாட்டு உலூசியானாவிலும் வேரூன்றின.

1937ஆம் ஆண்டு ஐதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் பேரவைக்கு அவர் தலைமை தாங்கினார். ஆராய்ச்சிக் கூடத்தில் வாழ்ந்த அவர், தலைமையுரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் இந்திய நாட்டுச் சிற்றூர். 1942இல் பணியினின்று ஓய்வு பெற்றார். ஆங்கில அரசு சர் பட்டம் அளித்தது; விடுதலை பெற்ற இந்தியா 1956இல் பத்ம பூஷண் விருது வழங்கிற்று. 1963ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் மறைந்தபோது, தென்னாட்டுக் கழனிகளில் கோ 419 வெட்டுக்கு நின்றது.