பொறிகளால் போரை ஒழிக்க நினைத்தவர்

நம் விடுதி அறைக்கு ஒளி தரும் மாறுதிசை மின்சாரம் பரவ வழிகோலிய மேதை நிகோலா டெஸ்லா. 1856-இல் இன்றைய குரோவேஷியாவில் பிறந்து, 1884-இல் அமெரிக்கா சேர்ந்தார்.

1898-இல் நியூயார்க் கண்காட்சியொன்றில், கம்பியின்றித் தொலைவிலிருந்தே ஒரு சிறு படகை இயக்கிக் காட்டினார். கண்டவர்கள் மாயவித்தை என மயங்கினர். அவர் நெஞ்சிலோ வேறு கனவு. போர்க்களத்தில் மனிதருக்குப் பதில் பொறிகள் மோதினால் குருதி சிந்துவது குறையும். நாளடைவில் போரே ஒழியும் என்று 1900-இல் எழுதினார்.

உலகெங்கும் கம்பியின்றி மின்னாற்றல் அனுப்ப அவர் எழுப்பிய கோபுரம், பணமின்றி முடங்கி, 1917-இல் இடிக்கப்பட்டது. 1943-இல் நியூயார்க் ஓட்டல் அறையொன்றில் தனியே உயிர் நீத்தார். 1960-இல் காந்தவியல் அலகு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

தொலைவிலிருந்து இயங்கும் போர்ப்பொறிகள் இன்று வந்துவிட்டன, குருதியோ நிற்கவில்லை. பொறியைத் திருத்தினார் டெஸ்லா. மனிதனைத் திருத்தும் பணி நம்முடையதன்றோ!