உலையின் வெப்பத்தை அளந்த மேதை

வேதிச் சமநிலைப் பாடத்தில் லீ சாட்லியர் கொள்கையைப் படிக்காத மேல்நிலை வகுப்பு மாணவி இருக்க முடியாது. கொழுந்துவிட்டு எரியும் உலையின் வெப்பநிலையைச் சரியாக அளக்கக் கற்றுத் தந்தவரும் அவரே என்பதைப் பலர் அறியார்.

ஹென்றி லூயி லீ சாட்லியர் 1850ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தை லூயி, பிரான்சு நாட்டின் இரயில் பாதைகளும் அலுமினியத் தொழிலும் வளர உழைத்த பொறியியலாளர். வீட்டில் கண்டிப்பான ஒழுங்கு நிலவியது. குறித்த நேரத்தில் குறித்த பணியைச் செய்யும் பழக்கம் சிறு வயதிலேயே அவரிடம் வேரூன்றியது. சுரங்கப் பொறியியல் கற்றுத் தேறிய அவர், 1877இல் பாரிஸ் சுரங்கக் கல்லூரியிலேயே வேதியியல் ஆசிரியரானார்.

சிமெண்டையும் களிமண்ணையும் ஆராயத் தொடங்கியபோது ஓர் இடையூறு குறுக்கிட்டது. பாதரசம் 357 பாகை செல்சியசில் கொதித்துவிடும். உலையின் வெப்பமோ 1000 பாகையையும் தாண்டும். அக்காலத் தொழிலாளர் நெருப்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே வெப்பத்தை மதிப்பிட்டு வந்தனர்.

இதற்கு ஒரு வழி முன்னரே தென்பட்டிருந்தது. இருவேறு உலோகங்களை முனைகளில் இணைத்து, ஓர் இணைப்பை மட்டும் சூடாக்கினால் அருகிலுள்ள காந்த ஊசி திரும்புவதை 1821இல் சீபெக் கண்டார். சுற்றில் மின்சாரம் பாய்வதே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. இதுவே வெப்ப மின்னிரட்டை. 1836இல் பூயே என்பவர் இரும்பையும் பிளாட்டினத்தையும் இணைத்து வெப்பம் அளந்தார். ஆனால் ரெனோ என்னும் பேரறிஞர் சோதித்தபோது அளவுகள் ஒழுங்கின்றி மாறின. எனவே இக்கருவி நம்பத் தகாதது என்று ஒதுக்கப்பட்டது.

லீ சாட்லியர் அதை ஒதுக்கவில்லை. ஏன் தவறுகிறது என்று கேட்டார். பல உலோக இணைகளை ஒப்பிட்டுச் சோதித்தார். குற்றம் கருவியின் தத்துவத்தில் இல்லை, கம்பிகளில்தான் இருந்தது. கம்பி முழுவதும் ஒரே சீராக இல்லாவிட்டாலும், உலை வாயுக்களால் கெட்டுவிட்டாலும் அளவு பிறழும். இறுதியில் தூய பிளாட்டினம் ஒரு கம்பியாகவும், 10 விழுக்காடு ரோடியம் கலந்த பிளாட்டினம் மறு கம்பியாகவும் அமைந்த இணையைத் தேர்ந்தெடுத்தார். தங்கம் போன்றவை உருகும் நிலையான வெப்பநிலைகளைக் கொண்டு அதற்கு அளவு குறித்தார்.

தொழிற்சாலைகளில் இன்று பல வகை மின்னிரட்டைகள் உள்ளன. செம்பு-கான்ஸ்டன்டன் இணை குளிர்நிலைக்கு ஏற்றது. ஆனால் சுமார் 350 பாகைக்கு மேல் பயன்படாது. இரும்பு-கான்ஸ்டன்டன் சுமார் 750 பாகை வரை உழைக்கும். ஆனால் ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும். குரோமெல்-அலுமெல் மலிவானது, சுமார் 1260 பாகை வரை தாங்கும், ஒரு பாகைக்கு ஏறத்தாழ 40 மைக்ரோவோல்ட் தரும். லீ சாட்லியரின் இணை தருவதோ சுமார் 10 மைக்ரோவோல்ட்தான். விலையும் அதிகம், உலைப் புகை படாமல் பீங்கான் குழாய்க்குள் வைத்துக் காக்கவும் வேண்டும். ஆயினும் 1400 பாகைக்கு மேலும் நிலை மாறாது அளவு காட்டும். ஆகவேதான் 1927 முதல் 1990 வரை, ஏறத்தாழ 630 பாகையிலிருந்து தங்கத்தின் உருகுநிலையான 1064 பாகை வரை, பன்னாட்டு வெப்பநிலை அளவுகோலின் நியமக் கருவியாக அது விளங்கியது. உரத்த குரலைவிட மாறாத சொல்லுக்கே மதிப்பு அதிகம் அன்றோ!

இத்தகைய பொறுமைசாலியும் ஒருமுறை பொறுமை இழந்தார். 1901இல் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் சேர்த்து அம்மோனியா உண்டாக்க முயன்றபோது கருவி வெடித்தது. உதவியாளர் மயிரிழையில் உயிர் தப்பினார். லீ சாட்லியர் முயற்சியைக் கைவிட்டார். கருவிக்குள் காற்று கலந்திருந்ததே விபத்துக்குக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. சில ஆண்டுகளில் ஜெர்மானியரான ஹேபர் அதே வழியில் வெற்றி கண்டார். பிறர் கைவிட்டதை எடுத்து நிறுத்தியவர், தம்முடையதைக் கைவிட்டு விட்டார்! அது தம் வாழ்வின் பெரும் பிழை என்பதை முதுமையில் அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

ஏழு மக்களுக்குத் தந்தையாய், எண்ணற்ற மாணவருக்கு ஆசானாய் வாழ்ந்த அவர், 1936ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், தம் 85ஆம் வயதில் மறைந்தார்.

தோழியரே, சோதனைச் சாலையில் நம் அளவு தவறினால் உடனே கருவியைக் குறை கூறி எழுந்துவிடுகிறோம். இனி சற்று நின்று, ஏன் தவறியது என்று கேட்போமா?