பூச்சிகளுக்குப் பெயர் வைத்த பப்ரிசியஸ்

பப்ரிசியஸ் என்றதும் தமிழன்பர்களுக்கு நினைவுக்கு வருபவர், 1779-இல் சென்னை வேப்பேரியில் தமிழ்-ஆங்கில அகராதியை அச்சிட்ட பாதிரியார். நான் சொல்லப்போகும் யோகான் கிறிஸ்டியன் பப்ரிசியஸ் வேறொருவர். அவர் சொற்களைச் சேர்த்தார். இவர் பூச்சிகளைச் சேர்த்தார்.

1745-இல், டென்மார்க் அரசரின் ஆளுகைக்குட்பட்ட டோண்டர் என்ற ஊரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். 1762-இல் சுவீடனின் உப்சாலாவுக்குப் போய் லின்னேயஸிடம் இரண்டு ஆண்டுகள் பயின்றார். குரு பூச்சிகளைச் சிறகுகளை வைத்துப் பிரித்தார். சீடரோ வாயுறுப்புகளை வைத்துப் பிரித்தார். குரு பெயரிட்ட பூச்சிகள் சுமார் 3,000. சீடர் பெயரிட்டவை ஏறத்தாழ 10,000.

1775-இல் வெளிவந்த அவரது முதல் பெரும் நூலில் இரண்டு தரைவண்டுகள் இடம்பெற்றன. ஒன்று, நம் ஊர்ப் பொட்டல்களில் ஓடும், ஆறு வெண்புள்ளிகள் கொண்ட கறுப்பு வண்டு. அது பிற பூச்சிகளை வேட்டையாடும். மற்றது வட அமெரிக்காவின் காய்ந்த, மணற்பாங்கான வயல்களில் வாழும் ஹார்பலஸ் காலிஜினோசஸ். தரைவண்டுகளில் பெரும்பாலானவை மாமிசம் தின்ன, இது ராக்வீட் செடியின் விதைகளையும் தின்னும். இங்கே மொன்றியாலில் ஆகஸ்ட் மாதம் வந்தால் எங்களைத் தும்மவைக்கும் செடி அதுதான். நம் ஊர்ப் பார்த்தீனியத்துக்கு நெருங்கிய உறவு.

பப்ரிசியஸ் இந்தியாவுக்கு வந்ததில்லை. அன்று டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து பூச்சிகள் அவரிடம் போய்ச் சேர்ந்தன. லின்னேயஸின் இன்னொரு மாணவரான கோனிக் அங்கே மருத்துவராக இருந்து சேகரித்தவையும் அவற்றில் உண்டு.

அதே 1775-இல் கீல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கட்டித் தருவதாகச் சொன்ன அருங்காட்சியகம் வரவேயில்லை. பலமுறை வேலையை விட முயன்றார். மாணவர்கள் மன்றாடித் தடுத்தார்கள். ஆகவே லண்டனுக்கும் கோபன்ஹேகனுக்கும் அலைந்து, பிறர் சேகரிப்புகளைப் பார்த்துப் பார்த்தே எழுதினார். 1808-இல் கீலில் காலமானார்.

மென்பொருள் எழுதும் எவருக்கும் பெயரிடுவதன் கஷ்டம் தெரியும். சரியான பெயர் இல்லாததைப் பிறகு தேடி எடுக்க முடியாது. ஹார்பலஸ் என்ற பேரினப் பெயர் பின்னால் வந்தது. ஆனால் காலிஜினோசஸ் என்று அவர் வைத்த பெயர் 250 ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது.

தரங்கம்பாடி வண்டுகளுக்கு இலத்தீன் பெயர் கிடைத்துவிட்டது. அவற்றை நம் பாட்டிமார் அழைத்த பெயர்களை யார் எழுதி வைப்பது? இரண்டு பப்ரிசியஸ்களின் வேலையும் சேர்ந்து நமக்காகக் காத்திருக்கிறது.