விழிக்கு வில்லை தந்தவர்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தார் பலர் கண்புரை நீக்கிக்கொள்ளப் புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனையை நாடுவதை நாம் அறிவோம். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி 1918இல் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் பிறந்தவர். முடக்குவாதம் அவர்தம் விரல்களைக் கோணச் செய்தது; அவ்விரல்களாலேயே அறுவைக் கத்தி பிடிக்கப் பழகினார். அரசுப் பணியினின்று ஓய்வுற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார்.

அந்நாளில், மங்கிய விழிவில்லையை அகற்றியபின் ஏழைக்குக் கிட்டியது தடித்த மூக்குக்கண்ணாடியே. அது உடைந்தால் பார்வையும் போயிற்று! கண்ணுள் பொருத்தும் செயற்கை வில்லையோ இறக்குமதிப் பண்டம். 1992இல் மதுரையில் ஆரோலேப் அதனைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியதே அவர் பணிகளுள் தலையாயது என்பது எம் துணிபு. கண்ணின் நீளமும் கருவிழியின் வளைவும் அளந்து, தக்க திறனுள்ள வில்லையைத் தேர்வது எளியோர்க்கும் வாய்த்தது. புதுச்சேரிக் கிளை 2003இல் எழுந்தது; 2006இல் அவர் மறைந்தார்.