கண்ணதாசன் பாட்டை எழுதியது கண்ணதாசனா, கோப்பையா?

உங்க போன்ல நோட்ஸைத் திறந்து பாருங்க. பாதியில நிக்குற ஒரு பாட்டு இருக்கும். நண்பன் கல்யாணத்துக்கு ஆரம்பிச்ச கானா, ரீல்ஸுக்கு எழுதின நாலு வரி, யாருக்கும் காட்டாத ஒரு கவிதை... ஏதோ ஒண்ணு இருக்கும். அது நகரலைன்னு புலம்பினா, கூட இருக்கிற ஒருத்தர் கண்டிப்பா ஒரு யோசனை சொல்வார். ஒரு கட்டிங் போட்டுட்டு உட்கார், வரி தானா வந்து விழும் என்பார். நீங்க சந்தேகமாப் பார்த்தா, கண்ணதாசனையே சாட்சிக்கு இழுப்பார்.

யானைக்கவுனி டீக்கடை பெஞ்ச்சிலிருந்து ராயபுரம் மீன்பிடித் துறைமுகம் வரைக்கும் இந்த நம்பிக்கை ரொம்பப் பழசு. கண்ணதாசன் குடித்தார், அதனால்தான் அப்படி எழுதினார் என்பது அதன் சுருக்கம். முதல் பாதி உண்மைதான். அதை அவரே மறைக்கவில்லை. அந்த 'அதனால்தான்' சரியா? அவர் வாழ்க்கையைத் தேதி வாரியாப் பார்த்துடலாம், வாங்க.

அஜாக்ஸுக்கு வந்த பையன்

யானைக்கவுனியிலிருந்து வடக்கே திருவொற்றியூர் பக்கம் பஸ்ல போயிருந்தா, அஜாக்ஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பீங்க. ஒரு கம்பெனியின் பெயர், இப்போ பஸ் நிலையத்தின் பெயரா நிக்குது. 1943-ல் அந்த ஏஜாக்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பையன்தான் பிற்காலக் கண்ணதாசன். அப்போ அவர் பெயர் முத்தையா, வயசு 16.

1927 ஜூன் 24-ல், காரைக்குடி பக்கம் சிறுகூடல்பட்டியில் பிறந்தவர். சிறுவயதிலேயே 7,000 ரூபாய்க்கு இன்னொரு குடும்பத்துக்குத் தத்துப் போனார். அங்கே அவருக்கு நாராயணன் என்று பெயர். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஊரில் கேட்ட தாலாட்டு, ஒப்பாரி, கோயில் பாட்டு, கையில் கிடைத்த புத்தகம்... இவைதான் அவருடைய காலேஜ்.

கம்பெனி வேலையில் அவர் அதிக நாள் நிலைக்கவில்லை. 1944-ல் புதுக்கோட்டையிலிருந்து வந்த 'திருமகள்' பத்திரிகைக்குப் போனார். 17 வயசுல எழுத்து வேலை! கண்ணதாசன் என்ற பெயரும் அங்கேதான் பிறந்தது. அங்கிருந்து வேறு பத்திரிகைகள், சேலம் பக்கம் சினிமாக் கம்பெனி, 1949-ல் 'கன்னியின் காதலி' படத்தில் முதல் பாட்டு. பேர் கிடைக்கும் முன்பே, தினமும் எழுதியே ஆகணும் என்ற நிலையில் ஐந்தாறு வருஷம் அவருக்குப் போயிருக்கு. ரீல்ஸ்ல இந்த ஐந்தாறு வருஷத்தை யாரும் போட மாட்டாங்க. கோப்பை வைத்த போட்டோவைத்தான் போடுவாங்க.

ஜெயிலுக்குள்ள ஆறு நாள்

1953-ல் டால்மியாபுரம் ரயில் நிலையத்தின் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றச் சொல்லி தி.மு.க. நடத்திய போராட்டத்தில் கண்ணதாசன் கைதாகி, திருச்சி சிறைக்குப் போனார். அங்கே உட்கார்ந்து அவர் எழுதியதுதான் 'மாங்கனி'. சேர மன்னன் காலத்துக் காதல் கதை, முழு நீளக் காவியம். எழுதி முடிக்க எடுத்துக்கொண்டது ஆறு நாள்.

சிறையில் என்ன இருந்திருக்கும்? களி, கம்பி, காகிதம், நிறைய நேரம். கோப்பை இல்லை, நண்பர்கள் கூட்டம் இல்லை, கடன்காரன் தொல்லையும் இல்லை. அந்த ஆறு நாளில் வந்த வேகம் எந்தப் பாட்டிலிலிருந்தும் வரவில்லை. பல வருஷமாப் படித்து மனசில் கிடந்த சங்கப் பாட்டும் கம்பனும் சித்தர்களும், தொந்தரவு இல்லாத ஒரு மேசை கிடைத்ததும் வெளியே வந்தாங்க.

மதுவிலக்குக் காலத்தில் ஒரு கோப்பைப் பாட்டு

இன்னொரு விஷயம் பல பேருக்கு ஞாபகமே இருக்காது. சேலம் மாவட்டத்தில் 1937-ல் ஆரம்பித்த மதுவிலக்கு, 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க வந்துவிட்டது. அது விலக்கிக்கொள்ளப்பட்டது 1971-ல். அதாவது 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' என்று 1961-ல் மட்டும் வரிசையா வந்த அந்தப் பெரிய பாட்டுகளெல்லாம், தெருவுக்குத் தெரு கடை இல்லாத காலத்தில் எழுதப்பட்டவை.

அதற்காகக் கண்ணதாசன் குடிக்காமல் இருந்தார் என்று சொல்ல வரலை. குடித்தார். 1963-ல் வந்த 'ரத்தத் திலகம்' படத்தில், கோப்பையைக் கையில் ஏந்தி அவரே திரையில் வந்து நிற்பார். பாடியது டி.எம்.எஸ். குரல். மதுவிலக்கு இருந்த ஊரில், ஒரு கவிஞர் தன் பழக்கத்தை ஒளிக்காமல் திரையில் காட்டியது அன்றைக்குப் பெரிய விஷயம். கண்ணதாசன் என்றதும் கோப்பையும் சேர்ந்து ஞாபகம் வருவதற்கு அந்த ஒரு காட்சியே முக்கியக் காரணம்.

நல்லா கவனிங்க. அந்தப் பாட்டில் கோப்பை என்பது எழுதப்பட்ட பொருள். எழுதிய கை வேற. மழையைப் பற்றி எழுதுறவர் நனைஞ்சுகிட்டேவா எழுதுறார்?

கவுனியில் காவலாளி தூங்கினால்

அப்போ குடிக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு. கொஞ்சம் இருக்கு.

யானைக்கவுனியில் இருக்கிறவங்களுக்கு இதைச் சுலபமாச் சொல்லலாம். கவுனி என்றால் கோட்டை மதிலில் இருந்த வாசல். யார் உள்ளே வரலாம், எந்தச் சரக்கு வரலாம் என்று பார்க்க அங்கே காவல் இருக்கும். நம் மூளையின் முன்பகுதியும் அப்படி ஒரு காவலாளிதான். தேவையில்லாத நினைப்பைத் தடுத்து, வேலையில் கவனத்தை நிறுத்தும். மது முதலில் இந்தக் காவலாளியைத்தான் தூங்க வைக்குது. கவுனி திறந்து கிடக்கும், கண்டதும் உள்ளே வரும். அதில் ஒண்ணு ரெண்டு நல்லதாவும் இருக்கலாம்.

2012-ல் அமெரிக்காவின் சிகாகோவில் உள்ள இலினாய் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களை வைத்து இதைச் சோதித்தாங்க. பாதிப் பேருக்கு வோட்கா, மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. மூன்று வார்த்தை கொடுத்து, மூன்றோடும் சேர்கிற ஒரு வார்த்தையைக் கண்டுபிடிக்கச் சொல்வாங்க. தமிழில் சொன்னால் பூ, மணி, நேரம். விடை மாலை. இந்த விளையாட்டில் குடித்தவர்கள் 58 சதவீதம் சரியாச் சொன்னாங்க, குடிக்காதவர்கள் 42 சதவீதம்தான்.

உடனே கடைக்குக் கிளம்பிடாதீங்க. அதே சோதனையில் குடித்தவர்களின் நினைவாற்றல் குறைந்தது. ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மனசில் பிடித்து வைக்கும் திறனைத்தான் சொல்றேன். அவர்கள் ரத்தத்தில் இருந்த மதுவின் அளவு, நம்ம ஊரில் வண்டி ஓட்ட அனுமதிக்கிற அளவைப் போல இரண்டரை மடங்கு. யாரும் அங்கே கவிதை எழுதவில்லை, ஒரே ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தாங்க, அவ்வளவுதான்.

காபி, டீ கதையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். 2020-ல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் 200 மில்லிகிராம் காஃபின் கொடுத்துப் பார்த்தாங்க. ஒரு பெரிய கப் ஸ்ட்ராங் காபி என்று வைத்துக்கொள்ளுங்க. விடை ஒன்றே ஒன்று உள்ள புதிரைப் போடும் திறன் கூடியது. புதுசு புதுசா யோசனை வருவதில் மாற்றமில்லை. டீ உங்களை முழிக்க வைக்கும், உட்கார வைக்கும். வரி உங்ககிட்ட இருந்துதான் வரணும்.

ஒரு பாட்டு எப்படி உருவாச்சு?

சினிமாப் பாட்டுக்குத் தேவையானது அந்த ஒற்றை வார்த்தையைவிட ரொம்ப அதிகம். எம்.எஸ்.விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் மெட்டைப் போடுவார். இயக்குநர் காட்சியைச் சொல்வார். கண்ணதாசன் வரியைச் சொல்லச் சொல்ல, பஞ்சு அருணாசலமோ இராம. கண்ணப்பனோ எழுதிக்கொள்வார்கள். ஒரு பல்லவி பிடிக்கவில்லை என்றால் அடுத்தது, அதுவும் வேண்டாம் என்றால் இன்னொன்று.

அந்த நேரத்தில் அவர் மனசில் எத்தனை விஷயம் ஒண்ணா நிக்கணும் பாருங்க. மெட்டு எங்கே நீளுது, அங்கே நெடில் விழணும். எங்கே வெட்டுது, அங்கே குறில் வேணும். எதுகை, மோனை தட்டக் கூடாது. பாடும் பாத்திரம் விதவையா, திருடனா, புது மாப்பிள்ளையா? முன் வரியின் அர்த்தம் அடுத்த வரியில் உடையக் கூடாது. வோட்கா குடித்தவர்களுக்கு எந்தத் திறன் குறைந்ததோ, அந்தத் திறன்தான் இந்த வேலைக்கு முதலில் வேணும். காவலாளி தூங்கினால் வார்த்தை உள்ளே வரலாம். அதை மெட்டில் உட்கார வைக்க அவர் முழிச்சிருக்கணும்.

ஏறக்குறைய 5,000 திரைப்பாடல்கள், ஆயிரக்கணக்கான கவிதைகள், நாவல்கள், 10 பாகத்தில் 'அர்த்தமுள்ள இந்து மதம்'. இது மயக்கத்தில் கிடந்தவரின் கணக்கு இல்லை. தினமும் வேலைக்கு வந்தவரின் கணக்கு.

பில்லைக் கட்டினது யார்?

மது மட்டும் இல்லை. பெத்தடின் என்ற வலி நீக்கும் ஊசிக்கும் அவர் அடிமையானார். ஆபரேஷன் வலிக்குப் போடுகிற, அபின் வகையைச் சேர்ந்த மருந்து அது. பழகப் பழக அளவு கூடிக்கொண்டே போகும், நிறுத்தினால் உடம்பு உலுக்கி எடுக்கும். அதில் சிக்கியதையும் பட்ட பாட்டையும் பின்னாளில் அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டார். இன்னொரு பக்கம் சொந்தப் படம் எடுத்துக் கடன். 'சிவகங்கைச் சீமை', 'கவலை இல்லாத மனிதன்' எல்லாம் எடுத்து அவர் சம்பாதித்தது கவலையைத்தான்.

'வனவாசம்', 'மனவாசம்' இரண்டையும் படித்தால் தெரியும், தன் தப்பை அவர் அலங்கரிக்கவே இல்லை. எப்படி வாழக் கூடாதோ அப்படி வாழ்ந்தவன் என்பதால்தான் புத்தி சொல்லும் தகுதி தனக்கு இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். அவரைக் காட்டி ஊற்றிக் கொடுக்கிறவங்க, அவர் எழுதின அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டவே இல்லை.

'குழந்தைக்காக' படப் பாட்டுக்கு தேசிய விருது, 1978-ல் அரசவைக் கவிஞர் பதவி, 'சேரமான் காதலி' நாவலுக்கு 1980-ன் சாகித்ய அகாடமி விருது. எல்லாம் வந்தது. 1981-ல் அமெரிக்கா போன இடத்தில் உடம்பு படுத்தது. ஜூலை 24-ல் சிகாகோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்டோபர் 17-ல் காலமானார். வயசு 54. 'மூன்றாம் பிறை' படத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த தாலாட்டு 1982-ல் தியேட்டரில் ஒலித்தபோது, கேட்க அவர் இல்லை.

ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் என்று சொல்ல நாம டாக்டர் இல்லை. ஆனா வருஷக்கணக்கான மதுவும் ஊசியும் எந்த உடம்பையும் சும்மா விடுவதில்லை. எம்.எஸ்.வி.யும் அதே ஜூன் 24-ல்தான் பிறந்தார், கண்ணதாசனுக்குச் சரியா ஒரு வருஷம் இளையவர். அவர் 2015 வரை இருந்தார். கண்ணதாசனுக்குப் பிறகு கிட்டத்தட்ட 34 வருஷம். அந்த 34 வருஷத்தில் நமக்கு எத்தனை பாட்டு கிடைக்காமல் போச்சு?

உங்க நோட்ஸுக்கு வருவோம்

கண்ணதாசனிடமிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கு. கிடைத்ததையெல்லாம் படிச்சார். முதல் பல்லவி வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் அடுத்ததைச் சொன்னார். வீட்டில் கேட்ட தாலாட்டையும் தெருவில் கேட்ட பேச்சையும் பாட்டுக்குள் கொண்டுவந்தார். நீங்க கேட்கிற ஹார்பர் லாரி சத்தம், மார்க்கெட் கூச்சல், பாட்டி திட்டுற வார்த்தை எல்லாமே உங்க சொத்துதான்.

வரி நகரலையா? எழுதினதைச் சத்தமாப் படிச்சுப் பாருங்க. போனை வெச்சுட்டு ஒரு நடை போயிட்டு வாங்க. பத்து பல்லவி எழுதி ஒன்பதை அழிங்க. ஒரு டீ சொல்லலாம், தப்பில்லை. குடி ஏற்கெனவே கையை மீறிப் போயிருந்தா, உங்களுக்கோ நண்பருக்கோ, 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம்.

அடுத்த தடவை யாராவது கண்ணதாசனைச் சொல்லி கிளாஸை நீட்டினா, 'மாங்கனி' எழுதும்போது அவர் எங்கே இருந்தார்னு மட்டும் கேளுங்க.