இசைத்தட்டில் அடங்காத கலைஞர்

இலவசமாகக் கிடைக்கும் பொருளை எவரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள் என்பது பொருளியலின் பாலபாடம். பல்லாண்டுகள் அப்பாடத்தை நடத்திய எனக்கு, அதற்கு மாறாகத் தோன்றும் ஒரு வாழ்க்கை நெடுநாளாக வியப்பளித்து வருகிறது. அது அமெரிக்க ராக் இசைக் கலைஞர் ஜெர்ரி கார்சியாவின் வாழ்க்கை.

1942-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த கார்சியா, நான்கு வயதில் விறகு பிளக்கும்போது நேர்ந்த விபத்தில் வலக்கை நடுவிரலின் பெரும்பகுதியை இழந்தார். 1947-இல் இசைக் கலைஞரான தந்தை நீரில் மூழ்கி இறந்தார். அந்தக் கையைக் கொண்டே பாஞ்சோவையும் கிதாரையும் கற்றுத் தேர்ந்தார் மகன்.

1965-இல் நண்பர்களுடன் சேர்ந்து அவர் தொடங்கிய 'கிரேட்ஃபுல் டெட்' குழு, 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 2,300 கச்சேரிகளை நடத்தியது. அக்குழுவின் உயிர் மேடையில்தான் இருந்தது. 'டார்க் ஸ்டார்' பாடல் 1968-இல் இசைத்தட்டாக வெளிவந்தபோது அதன் நீளம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அடுத்த ஆண்டு வெளியான கச்சேரிப் பதிவில் அதுவே 23 நிமிடங்களாக விரிந்தது. மனோதர்மத்தின் அருமை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. இசைத்தட்டு விற்பனையின் முதல் பத்து இடங்களுக்குள் அக்குழுவின் பாடல் நுழைந்தது ஒரே முறை, 1987-இல்.

கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்துகொள்ளக் குழு அனுமதித்தது. 1984 முதல் அதற்கென அரங்கில் தனியிடமும் ஒதுக்கியது. விலையின்றிக் கைமாறிய நாடாக்கள் புதிய ரசிகர்களை அரங்குக்கு அழைத்து வந்தன. இலவசமானது பதிவு மட்டுமே; நுழைவுச்சீட்டுக்கு விலை உண்டு. ஆகவே, பொருளியல் விதி பொய்க்கவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1977-இல் நடந்த கச்சேரியின் பதிவு, பின்னாளில் அமெரிக்க தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஆனால், நாடாவை நகலெடுக்கலாம். மனிதரை நகலெடுக்க முடியாது. மேடையே வருவாய் என்றானபின், குழுவை நம்பியிருந்த அத்தனை பேரின் பிழைப்பும் அந்த மேடையையே சார்ந்திருந்தது. நீரிழிவும் ஹெராயின் பழக்கமும் கார்சியாவின் உடலை அரித்தன. 1986-இல் சில நாள்கள் நினைவிழந்து கிடந்தவர், கிதார் வாசிப்பை மீண்டும் கற்று அவ்வாண்டே மேடையேறினார். 1995 ஜூலை 9-இல் சிகாகோவில் குழுவுடன் கடைசியாக வாசித்தார். சரியாக ஒரு மாதத்தில், போதை மறுவாழ்வு மையமொன்றில், 53 வயதில் காலமானார். அவரது அஸ்தியின் ஒரு பகுதி ரிஷிகேஷில் கங்கையில் கரைக்கப்பட்டது.

இன்று பாடல்கள் ஏறக்குறைய இலவசம்; கச்சேரியே கலைஞர்களின் சோறு. கார்சியாவின் குழுவை வணிக உத்திக்கு எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் பலர். அந்த உத்தி ஓர் உடலின் மீது ஏற்றிய சுமையையும் கணக்கில் சேர்த்தால்தான் அப்பாடம் முழுமை பெறும். கலைஞரின் ஓய்வுக்கும் மருத்துவத்துக்கும் வழிசெய்யாத இசைச் சந்தை, தன் முதலையே தின்று வாழ்கிறது.